ஒரு ராத்திரி தூங்க

இங்கிலாந்துக்காரர்களின் ஒரு பழக்கம் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் புரியவே புரியாது. லீவுக்குப் போவார்கள். போன இடத்தில் தாங்களே சமைத்து, தாங்களே பாத்திரம் கழுவுவார்கள். 'இதுக்கு வீட்லயே இருந்திருக்கலாமே!' என்பீர்கள். ஆனால், அங்கே இது பெரிய தொழில். ஒரு முழு வீட்டை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுப்பது. பெரும்பாலும் மாலை 4 மணிக்கு உள்ளே நுழையலாம். அடுத்த வாரம் அதே கிழமை காலை 10 மணிக்குக் காலி செய்ய வேண்டும். சாவி, வாசலில் நம்பர் போட்டுத் திறக்கும் குட்டிப் பெட்டியில் இருக்கும். வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமலேயே ஒரு வாரம் வாழ்ந்துவிட்டு வந்துவிடலாம்.

இப்படிப்பட்ட காட்டேஜ்கள் நிறைந்த இடங்களில் ஒன்று டார்ட்மூர். தென்மேற்கில், டெவன் பகுதியில் இருக்கிறது. 954 சதுர கிலோமீட்டருக்கு மேட்டு நிலம், கிரானைட் பாறைக் குன்றுகள், சதுப்பு, மூடுபனி. ஷெர்லாக் ஹோம்ஸ், பாஸ்கர்வில் நாயைத் தேடி அலைந்தது இங்கேதான். 1951-ல் தேசியப் பூங்கா ஆனது. உடனே வனத்துறை கேட், புலி என்று கற்பனை பண்ண வேண்டாம். உள்ளே ஊர்கள் உண்டு, விவசாயிகள் உண்டு. நிலமும் பெரும்பாலும் அரசாங்கத்துடையது இல்லை. இருப்பதிலேயே பெரிய நிலச்சுவான்தார், இளவரசர் வில்லியமின் கார்ன்வால் டச்சி. இஷ்டத்துக்குத் திரிகிற குட்டைக் குதிரைகள்கூட யாரோ ஒருவருக்குச் சொந்தம்.

இங்கே ஒரு சுவாரஸ்யமான வழக்கு நடந்தது. 4,000 ஏக்கர் வைத்திருந்த ஒரு தம்பதி, 'எங்கள் அனுமதி இல்லாமல் எவனும் எங்கள் நிலத்தில் கூடாரம் போட்டுத் தூங்கக் கூடாது' என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 1985-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று, டார்ட்மூரின் பொது மேய்ச்சல் நிலங்களில் நடந்தும் குதிரையிலும் போய்ப் பொழுதுபோக்க யாருக்கும் உரிமை தருகிறது. தூங்குவது பொழுதுபோக்கா? அதுதான் கேள்வி. 2023 ஜனவரியில் ஹைகோர்ட், தம்பதி பக்கம். ஜூலையில் அப்பீல் கோர்ட், மக்கள் பக்கம். 2025 மே 21-ல் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகச் சொல்லிவிட்டது: தூங்கலாம்.

நல்ல தீர்ப்பு. ஆனால், அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு நெருடல். லண்டனிலிருந்து வருகிறவனுக்கு டார்ட்மூர் மண்ணில் ஒன்றிரண்டு இரவு தூங்க உரிமை உண்டு. அங்கேயே பிறந்த பையனுக்கு, கல்யாணமாகிக் குழந்தையோடு அங்கேயே தூங்க ஒரு கூரை வேண்டுமே... அதற்கு உரிமை உண்டா? வீடு விலைக்கு வந்தால் அவன் யாரோடு போட்டி போட வேண்டும்? அதை வாரவாடகைக்கு விட்டால் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டு வருகிற வெளியூர்ப் பணத்தோடு. ஜெயிக்க முடியுமா?

இதில் கெட்டவன் யார் என்று தேடினேன். பாட்டி செத்த பிறகு, நல்ல விலை கொடுத்தவருக்கு வீட்டை விற்ற பேரனா? சட்டப்படி வாங்கியவரா? காசு கொடுத்துத் தங்கிய விருந்தாளியா? ஒருத்தர்கூட யாரையும் வீட்டை விட்டு விரட்டவில்லை. ஆனால், பிப்ரவரி ராத்திரியில் தெருவில் பாதி ஜன்னல்களில் வெளிச்சமில்லை. 10 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே ஓடிவந்து பெட்ஷீட் மாற்றுகிற பெண்ணும், அந்த ஊரில் வாடகை கட்டுப்படியாகாமல், கீழே டவுனிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வருகிறவராக இருக்கலாம்.

'நான் போகலேன்னா இன்னொருத்தன் போவான்' என்பது எல்லோருக்கும் தெரிந்த சமாதானம். உலகத்தில் பாதி அநியாயம் இந்த வாக்கியத்தில்தான் வண்டி ஓட்டுகிறது.

சட்டம் ஏதோ செய்து பார்க்கிறது. 2025 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் இரண்டாவது வீட்டுக்கு இரண்டு மடங்கு வரை கவுன்சில் டாக்ஸ் போடலாம். ஆனால், வருஷத்தில் 140 நாள் வாடகைக்குத் தயாராக வைத்து, 70 நாளாவது நிஜமாக வாடகைக்கு விட்டிருந்தால் அது 'தொழில்'. வேறு வரி. சின்ன இடமென்றால் அதுவும் பல சமயம் பூஜ்யம்! பக்கத்து கார்ன்வாலில், செயின்ட் ஐவ்ஸ் மக்கள் 2016-ல் ஓட்டெடுப்பே நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். 80 சதவிகிதத்துக்கும் மேல் ஆதரவு. வந்தவர்கள் என்ன செய்தார்கள்? பழைய வீடுகள் பக்கம் திரும்பினார்கள்.

அதற்காக, போகவே கூடாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மலை ஆட்டை நம்பி மட்டும் அங்கே குடும்பம் ஓடாது. ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகிய பிறகு, ஏக்கர் கணக்கில் வந்துகொண்டிருந்த மானியத்தையும் 2021 முதல் படிப்படியாகக் குறைத்துவிட்டார்கள். பழைய வைக்கோல் கொட்டகையைப் பழுதுபார்த்து, ஜன்னல் வைத்து, காட்டேஜ் என்று வாடகைக்கு விடுகிற விவசாயிக்கு அந்தப் பணம்தான் நிலத்தில் காலூன்றி நிற்க உதவுகிறது. ஊர்க் கடையும் பப்பும்கூட விருந்தாளிகளால் பிழைக்கின்றன.

ஆக, மாடு தூங்கிய இடத்தில் தூங்குவது வேறு, மனுஷன் தூங்கிய இடத்தில் தூங்குவது வேறு. இரண்டுக்கும் ஒரே வாடகையாக இருக்கலாம். ஒரே க்ரீம், ஒரே ஜாம். என்னைக் கேட்டால், முதலாவதுக்குத் தாராளமாகப் போகலாம். இரண்டாவதுக்கு, 'காசு கொடுத்தாச்சே' என்ற பதில் பத்தாது.

காட்டேஜ் பதிவு செய்யும்போது நாய் வரலாமா, வை-ஃபை இருக்கா, கட்டில் எத்தனை என்றெல்லாம் கேட்கிறார்கள். முன்னே இங்கே யார் இருந்தாங்க என்பதையும் ஒரு போன் போட்டுக் கேட்கலாம். தப்பா எடுத்துக்க மாட்டார்கள். கொட்டகையாக இருந்திருந்தால், எந்தத் தாத்தா கட்டினார் என்பதுவரை சந்தோஷமாகச் சொல்வார்கள்.