சரீரத்தின் மீஸான்



தராசு பிடித்துப் பிழைப்பவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். தட்டு இந்தப் பக்கம் சாய்ந்தால் வாங்குகிறவருக்கு நஷ்டம். அந்தப் பக்கம் சாய்ந்தால் விற்கிறவருக்கு நஷ்டம். நடுமுள் நேரே நின்றால்தான் பரக்கத். அர்ரஹ்மான் சூராவிலே வானத்தை உயர்த்தியதைச் சொன்ன கையோடு மீஸான் என்னும் தராசையும் அமைத்ததாக நாயன் சொல்லிக் காட்டுகிறான். அந்த மீஸான் நம்முடைய தோலுக்கு அடியிலும் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அது நோன்போடும் சம்பந்தப்பட்டது.

நம் சரீரத்தில் உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி என்று சில உண்டு. அவற்றிற்குக் குழாய் உண்டு. சுரந்ததை அதன் வழியே வெளியே விடும். இன்னொரு வகைக்குக் குழாயே கிடையாது. சுரந்ததை நேரே இரத்தத்தில் விட்டுவிடும். இவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்பார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒன்று, தொண்டையில் தைராய்டு, சிறுநீரகங்களின் தலைமாட்டில் இரண்டு, இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று பல இடங்களில் இவை அமைந்திருக்கின்றன. இவை விடும் சரக்குக்கு ஹார்மோன் என்று 1905இல் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பேர் வைத்தார். கிரேக்க மொழியில் தூண்டிவிடுவது என்று பொருள்.

ஹார்மோனை ஒரு சீட்டு என்று வைத்துக் கொள்ளுங்கள். கடையில் உப்பு குறைந்தால் பையன் மொத்த வியாபாரிக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறான். உப்பு வந்து நிறைந்ததும் சீட்டு எழுதுவதை நிறுத்துகிறான். அதுபோலவே குறையும்போது ஒரு சீட்டு, நிறையும்போது ஒரு நிறுத்தம். சீட்டு இரத்தத்தோடு சரீரம் முழுவதும் சுற்றும். ஆனால் எந்த உறுப்பின் விலாசம் அதில் இருக்கிறதோ அந்த உறுப்பு மட்டுமே அதைப் படிக்கும். மற்றவை தம் வேலையைப் பார்த்துக் கொண்டிருக்கும். சுப்ஹானல்லாஹ்! நாம் தூங்கும்போதும் இந்தக் கணக்கு நடக்கிறது.

இதிலே சீனிக் கணக்கை மட்டும் எடுத்துக் கொள்வோம். வளர்ந்த மனிதன் ஒருவனுடைய இரத்தம் முழுவதிலும் ஓடுகிற சர்க்கரை எவ்வளவு தெரியுமா? சுமார் ஒரு தேக்கரண்டி. அவ்வளவுதான்! ஒரு கிளாஸ் தே தாரிக்கில் அதைவிட அதிகம் போகிறது. அப்படியிருந்தும் சுகமுள்ளவனுக்கு அளவு தாண்டுவதில்லை. சாப்பிட்டதும் கணையம் இன்சுலின் என்ற சீட்டை அனுப்பும். அதைக் கண்டதும் தசையும் கொழுப்பும் சர்க்கரையை உள்ளே இழுத்துக் கொள்ளும். ஈரல் அதைக் கிடங்கில் அடுக்கி வைக்கும். வயிறு காலியானதும் அதே கணையம் குளுக்ககான் என்ற வேறொரு சீட்டை அனுப்பும். ஈரல் கிடங்கைத் திறந்துவிடும். ஒரு தட்டுக்கு இன்சுலின், மறு தட்டுக்கு குளுக்ககான். ஆக, சஹர் செய்துவிட்டு 13 மணி நேரத்திற்கு மேல் பசித்திருக்கும் நோன்பாளியை இந்த மீஸான் தாங்கிப் பிடிக்கிறது. கிடங்கு குறையும்போது கொழுப்பு கரைந்து கை கொடுக்கிறது. நோன்பைக் கடமையாக்கியவனே அதைத் தாங்கும் ஏற்பாட்டையும் உள்ளே வைத்துப் படைத்திருக்கிறான்.

இனி, யாருடைய தராசு பழுதாகிவிட்டதோ அவரைப் பற்றிப் பேச வேண்டும். இன்சுலின் சுரக்காமல் போனாலும், சுரந்தும் உறுப்புகள் அதன் பேச்சைக் கேட்காமல் போனாலும், சீனி இரத்தத்திலேயே தேங்கிவிடும். அதுதான் இனிப்பு நீர். இது தோட்டத்திலும் கம்பத்திலும் பட்டணத்திலும் பரவிக் கிடக்கிறது. மலேசிய சுகாதார அமைச்சின் தேசியக் கணக்கெடுப்பின்படி, 2019இல் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கும், 2023இல் 15.6 பேருக்கும் இந்த நோய் இருந்தது. 2019 கணக்கில் இந்திய வம்சாவளியினரிடம் இது 31.4 ஆக இருந்தது. அதாவது, பள்ளியில் ஒரு ஸஃப்பில் முப்பது பேர் நின்றால் அதில் ஐந்தாறு பேருக்காவது இருக்கக்கூடும் என்று கொள்ளலாம்.

ஒரு காலத்தில் இது மரணத் தீர்ப்பாக இருந்தது. 1921இல் கனடாவின் டொரொண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த ஒரு 14 வயதுப் பையனுக்கு அந்த ஊசி போடப்பட்டது, அவன் பிழைத்தான். மரணத்தைத் தவிர எந்த நோய்க்கும் மருந்து உண்டு என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை நினைவுக்கு வருகிறது அல்லவா?

அந்த நாளில் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் இன்சுலின் எடுத்தார்கள். ஆகவே நம் மக்கள் பலர் தயங்கினார்கள். தயங்கியது இயல்பே. ஆனால் 1982 முதல் மனித இன்சுலினை நுண்ணுயிர்களைக் கொண்டே செய்து விற்கிறார்கள். நம் ஜொகூரிலேயே பயோகான் நிறுவனத்தின் இன்சுலின் தொழிற்சாலை இருக்கிறது. சந்தேகமுள்ளவர்கள் கிளினிக்கில் மருந்தின் பெயரைச் சொல்லி, அது எதிலிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்து கொள்ளட்டும். கேட்காமலே ஊசியை நிறுத்துவது மார்க்கம் ஆகாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ரமளான் வந்தால் நம்மில் சிலர் யாரிடமும் சொல்லாமல் மருந்தை விட்டுவிடுகிறார்கள். சிலர் மருந்தைப் போட்டுக் கொண்டு பட்டினி கிடக்கிறார்கள். முதல் காரியத்தில் சீனி ஏறி உயிருக்கு ஆபத்து. இரண்டாவதில் சீனி இறங்கி ஆபத்து. ஊசியில் போன இன்சுலினுக்கு நிறுத்தச் சொல்லும் சீட்டு கிடையாது. வயிறு காலி என்று அதற்குத் தெரியாது. கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும், புத்தி தடுமாறும், பிறகு மயக்கம். 2001இல் 13 நாடுகளில், மலேசியாவையும் சேர்த்து, 12,243 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். இரண்டாம் வகை நோயாளிகளுக்கு, சீனி கடுமையாக இறங்கும் ஆபத்து ரமளானில் 7.5 மடங்கு ஏறியிருந்தது.

சகோதரர்களே! நோயாளி வேறு நாட்களில் நோற்றுக் கொள்ளலாம் என்று சூரத்துல் பகராவில் அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஒரு நோன்புக்கு ஓர் ஏழையின் உணவு வீதம் பித்யா கொடுக்கலாம். சிலாங்கூரில் ஸக்காத் வாரியம் அதைப் பெற்றுக் கொள்கிறது. அல்லாஹ் தந்த ருக்ஸத்தை ஏற்பது அவனுக்குப் பிரியமானது என்பது ஹதீஸின் கருத்து. எஜமான் கொடுத்த தள்ளுபடியை வேண்டாம் என்று தள்ளுவதா பணிவு?

நோற்க முடிந்தவரும் ஒழுங்கோடு நோற்க வேண்டும். ரஜப் பாதியிலேயே டாக்டரிடம் போய், மருந்தின் வேளையையும் அளவையும் மாற்றி எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். விரலில் குத்திச் சீனி பார்த்தால் நோன்பு முறியாது. தோலுக்கடியில் போடும், உணவல்லாத மருந்து ஊசியும் நோன்பை முறிக்காது என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி முடிவு செய்தது. சீனி 3.9க்குக் கீழே இறங்கினாலும் 16.6க்கு மேலே ஏறினாலும் அந்த நிமிஷமே நோன்பை விட வேண்டும் என்பது மருத்துவர்களின் விதி. மஃரிபுக்குப் பத்து நிமிஷம்தானே என்று பொறுக்காதீர்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பகலில் ஒருவர் தண்ணீர் குடிப்பதைக் கண்டால் ஏன் என்று கேட்காதீர்கள். திண்ணையில் உட்கார்ந்து அவருடைய ஈமானை நிறுக்காதீர்கள். அந்த நிறுவை நம் கையில் இல்லை. நம்முடைய ஒரு ஏளனச் சிரிப்புக்குப் பயந்து ஒரு குடும்பத் தலைவர் ஊசியைத் தள்ளி வைத்தால், அந்த வீட்டின் கண்ணீருக்கு நாளை நாம்தான் ஜவாப் சொல்ல வேண்டும். நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர்கள் அந்தத் திடலிலேயே கொஞ்சம் சீனி போடாத பானமும் வைத்தால் அதுவும் ஸதகாதான்.

சரீரம் நம்மிடம் கொடுக்கப்பட்ட அமானத். அதன் மீஸானைக் கவனித்துக் காப்பதும் இபாதத்தே. வல்ல நாயன் நம் நோயாளிகளுக்கு ஷிபாவையும், சுகமுள்ளவர்களுக்கு இரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.