பேருருவும் பழியும்

திரைக்கலையை ஆராயும் அறிஞருட் பலர், மாபெரும் விலங்குகள் நகரங்களை மிதித்தழிக்கும் படங்களைத் தம் ஆய்வுக்கு உரியனவாகக் கருதுவதில்லை. அட்டைக் கட்டடமும் ரப்பர் உடையும் சிறார்க்கே உரியவை என்பது அவர்தம் துணிபு. நம் இல்லங்களிலும் பிள்ளைகள் அத்தகைய படமொன்றில் ஆழ்ந்திருக்கக் காணின், "இதில் என்னதான் இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அப்பால் செல்கிறோம். ஆயினும், செல்வதற்கு முன் கால்மணி நேரம் நின்று பார்த்துவிட்டே செல்கிறோம் என்பதை மறைப்பதற்கில்லை. அங்ஙனம் நம்மை நிறுத்திவைப்பது யாது?

அச்சம் என்பர் சிலர். அஃது உண்மையாயின் முதன்முறை பார்த்தவுடன் தீர்ந்திருக்க வேண்டும். பத்தாம் முறை பார்ப்பானேன்? அழிவைக் காணும் இன்பம் என்பர் வேறு சிலர். அதில் ஓரளவு உண்மை உண்டு. நாள்தோறும் உயர்ந்த கட்டடங்களுள் நுழைந்து, மின்தூக்கிக்கு வரிசையில் நின்று, மாலையில் களைத்து வெளிவரும் நகரமாந்தர்க்கு, அத்தகைய கட்டடமொன்று அப்பளம் போல் நொறுங்கக் காண்பதில் ஒரு கள்ளக்களிப்புத் தோன்றுதல் இயல்பே. ஆனால் இவ்விரு விடைகளும் ஒன்றை விளக்கவில்லை. அவ்விலங்கு இறுதியில் வீழும்போது நாம் மகிழ்வதில்லை, வருந்துகிறோம். வெள்ளம் வடிந்தால் வெள்ளத்துக்காக எவரும் அழுவதில்லை. ஊரை அழித்த ஒன்றின் சாவுக்கு நாம் இரங்குவது அறத்தின்பாற்பட்டதா, அன்றி வெறும் மனத்தளர்ச்சியா என்பதே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்கப் புகுவது.

அரக்கரை வீழ்த்தும் கதைகள் நமக்குப் புதியன அல்ல. கந்தபுராணத்துச் சூரபன்மன் வரம் பெற்றவன்; வரத்தின் வலியால் செருக்குற்றவன்; வீரபாகு தூது சென்று அறிவுறுத்தியும் திருந்தாதவன். அவனுக்கும் நம் முன்னோர் முற்ற முடிந்த சாவை விதித்தாரல்லர். வேலால் பிளவுண்டவன் மயிலும் சேவலுமாகி, முருகனுக்கே ஊர்தியும் கொடியும் ஆயினான். எனினும் அவன் செய்த பழி அவனுடையதே, அறிந்து செய்தான். திரையில் வரும் பேருருவங்களோ எவ்வரத்தையும் வேண்டியவை அல்ல. தூது விடுத்தாலும் அவற்றுக்கு விளங்காது. அவை விளைப்பது பேரழிவு. ஆனால் பழியை அவற்றின் தலையில் ஏற்ற வழியில்லை. அங்ஙனமாயின் அப்பழி எங்கே போகிறது? இவ்வகைப் படங்களுள் சிறந்தவற்றின் கவர்ச்சி இவ்வினாவில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

1933-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'கிங் காங்' படத்தை முதற்கண் எடுத்துக்கொள்வோம். (இப்பெயரைக் கேட்டதும் தாராசிங்குடன் பொருத பருத்த மல்லரை நினைக்கும் மூத்தோர் நம்மிடை உளர்; ஈண்டுக் குறித்தது அவரையன்று.) மேரியன் கூப்பர், எர்னஸ்ட் ஷோட்சாக் ஆகிய இருவரும் அதனை இயக்கினர். காங் என்னும் மாபெருங் குரங்கு, பெரும்பாலான காட்சிகளில், ஏறத்தாழ ஒன்றரை அடி உயரமுள்ள பொம்மையே. மூட்டுகளோடு கூடிய உலோக எலும்புக்கூட்டின்மேல் முயல்தோல் போர்த்தியது. வில்லிஸ் ஓப்ரியன் என்னும் கலைஞரும் அவர்தம் துணைவரும் அதனைச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனிப் படமாக எடுத்தனர். திரையில் ஒரு நொடி ஓட 24 படங்கள் வேண்டும். அசைக்குந்தோறும் விரல் பட்டு மயிர் கலைந்தமையால், காங்கின் மேனி ஓயாது சிலிர்த்துக்கொண்டே இருக்கும். தொழில் வல்லார் இதனைக் குறை என்பர். நமக்கோ அஃது உயிர்ப்பாகவே தோன்றுகிறது.

கதை எளியது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்து நியூயார்க்கில், பசி பொறாது கடையிலிருந்த ஆப்பிளுக்குக் கை நீட்டிய ஆன் டாரோ என்னும் பெண்ணை, டென்ஹாம் என்னும் படப்பிடிப்பாளன் நடிப்பதற்கென அழைத்துச் செல்கிறான். தொலைதூரத் தீவில் காங் அவளைக் கைக்கொள்கிறது. அவளுக்காகப் பிற கொடுவிலங்குகளோடு பொருகிறது. டென்ஹாம் மயக்கப்புகைக் குண்டெறிந்து அதனை வீழ்த்தி, தளையிட்டு நியூயார்க்குக்குக் கொணர்ந்து, சீட்டு விற்றுக் காட்சிக்கு வைக்கிறான். செய்தியாளரின் விளக்குகள் பளிச்சிடுகின்றன. அப்பெண்ணைத் தாக்குகின்றனர் என்றெண்ணிக் காங் தளைகளை அறுத்தெறிகிறது. பின்னர் 102 மாடி கொண்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சி; வானூர்திகள்; இயந்திரத் துப்பாக்கிகள். தன் மார்பில் வழியும் குருதியைக் காங் தொட்டுப் பார்க்கிறது. அஃது என்னவென்று அதற்கு விளங்கவில்லை.

கீழே கிடக்கும் உடலருகே காவலர் ஒருவர், வானூர்திகள் அதனைக் கொன்றுவிட்டன என்கிறார். டென்ஹாம் மறுத்து, கொன்றது அழகு என்கிறான். இதனை அரிய கவிதை என்று போற்றுவோர் பலர். நாமோ அதனை நழுவிச் செல்வானது சொல்லாகவே கொள்கிறோம். கடல் கடந்து சென்று பிடித்தவன் அவன், தளையிட்டவன் அவன், சீட்டு விற்றவன் அவன். பழியை ஏற்க வேண்டிய இடத்தில், ஆப்பிளுக்குக் கை நீட்டிய ஓர் ஏழைப் பெண்ணின் முகத்தின்மேல் அதனைச் சுமத்திவிட்டு நிற்கிறான். படத்தை எடுத்தவர்கள் அவனினும் நேர்மையாளர் எனலாம். காங்கைச் சுடும் வானூர்தியில் அமர்ந்து நடித்தவர்கள் கூப்பரும் ஷோட்சாக்குமே ஆவர்.

இப்படத்துக்குப் பெருங்குறை ஒன்று உண்டு. தீவில் வாழும் மக்களை அது மாந்தராகவே மதிக்கவில்லை. குரங்குக்கு அழும் படம், அதன் காலடியில் மிதிபட்டு மாயும் தீவினருக்காக ஒரு கணமும் நிற்பதில்லை. 1938-இல் மறுமுறை வெளியிட்டபோது, காங் மக்களை மிதிப்பதும் கடிப்பதுமான காட்சிகள் வெட்டப்பட்டன. பல்லாண்டுகள் கழித்தே அவை மீண்டும் இணைக்கப்பட்டன. அவை திரும்பிய பின்னும் காங்கின்மேல் நமக்குள்ள இரக்கம் குறையவில்லை என்பது கருதத்தக்கது. கொடுமையை மறைத்தால்தான் நிற்கும் எனின் அது இரக்கமன்று, அறியாமை.

இருபத்தோராண்டு கழித்து, 1954 நவம்பர் 3-ஆம் நாள், ஜப்பானில் 'கொஜிரா' வெளிவந்தது. உலகம் அதனைக் காட்ஸில்லா என்று அறியும். கொரில்லாவையும், ஜப்பானிய மொழியில் திமிங்கிலத்தைக் குறிக்கும் 'குஜிரா' என்னும் சொல்லையும் இணைத்து அமைத்த பெயர். இயக்கியவர் இஷிரோ ஹோண்டா. நகரையும் விலங்கையும் படைத்தவர் எய்ஜி சுபுராயா. ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள உடைக்குள் ஹருவோ நகஜிமா என்னும் நடிகர் புகுந்து, இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் கட்டிய டோக்கியோவை மிதித்து நடந்தார். அதன் கதறலோ, இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, கான்ட்ராபாஸ் என்னும் பெருவயலினின் தளர்த்திய நரம்பைப் பிசின் தடவிய தோலுறையால் உராயச் செய்து பெற்ற ஓசை. இசைக்கருவியில் பிறந்தமையாற் போலும், அக்கதறலில் சினத்தைக் காட்டிலும் துயரே மிகுதி.

அவ்வாண்டு மார்ச் 1-ஆம் நாள், பசிபிக் கடலில் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டொன்றை வெடித்துச் சோதித்தது. கணித்ததினும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வலிமையோடு அது வெடித்தது. அறிவிக்கப்பட்ட இடர்வட்டத்துக்கு அப்பால் இருந்த 'டைகோ ஃபுகுரியு மாரு' என்னும் ஜப்பானிய மீன்பிடி படகின்மேல் வெண்சாம்பல் பெய்தது. படகில் இருந்தோர் 23 பேர். அவருள் வானொலிப் பொறுப்பாளர் செப்டம்பர் 23-இல் மாண்டார். படம் வெளிவந்தபோது அவர் இறந்து ஆறு வாரங்கூட நிறையவில்லை. படத்தின் தொடக்கமே கடலில் ஒளி பிழம்பாகி எரியும் கப்பல்தான். 1945 மார்ச்சில் ஓரிரவுக் குண்டுவீச்சில் ஏறத்தாழ 1,00,000 பேரை இழந்த நகரம் டோக்கியோ. ஹோண்டா போரிலிருந்து திரும்புகையில் ஹிரோஷிமாவின் அழிவைக் கண்டவர். எரியும் தெருவில் ஒரு தாய் தன் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, விரைவில் அப்பாவிடம் சென்றுவிடுவோம் என்று தேற்றும் காட்சி அரங்கில் இருந்தோர்க்கு வெறுங்கற்பனையாக இருந்திராது.

அந்தச் சாம்பல் யாருடையது? குண்டை ஆக்கிய அறிவியலார் கணக்கிட்டனர். அது அவர் கடமை. ஆணையிட்டோர் நாட்டின் காவலைக் கருதினர். வட்டம் வரைந்தோர் தமக்குத் தரப்பட்ட அளவுக்கு ஏற்பவே வரைந்தனர். எந்தத் தாளிலும், மீனவர்மேல் சாம்பல் பெய்க என்று எவரும் எழுதவில்லை. கோப்புகளிடையே வாழ்நாளைக் கழிக்கும் நம்மனோர்க்கு இது நன்கு விளங்கும். கோப்பு மேசை மேசையாக ஏறுகிறது. ஒருவர் குறிப்பு எழுதுகிறார். ஒருவர் விதியைச் சுட்டுகிறார். ஒருவர் மேலிடத்துக்கு அனுப்பலாம் என்கிறார். முடிவில் எங்கோ ஒரு கைம்பெண்ணுக்கு வரவேண்டிய ஓய்வூதியம் நின்றுபோகிறது. நிறுத்தியவர் யார்? முதற்பக்கம் தொட்டு இறுதிவரை புரட்டினும் அப்பெயர் அகப்படாது. எல்லாரும் முறைப்படியே செய்திருப்பர். நம் காலத்துப் பெருந்தீமைகள் பலவும் இங்ஙனம் உடையவர் இன்றியே பிறக்கின்றன.

உடையவரற்ற அப்பழிக்கு ஹோண்டாவின் படம் ஓர் உடலைத் தந்தது; 50 மீட்டர் உயரம் தந்து நடுத்தெருவில் நிறுத்தியது. கோப்பில் காணாத ஒன்றைக் கண்ணெதிரே காண்பதாலேயே நாம் நின்று பார்க்கிறோம். இரங்குவதும் அதனாலேதான். தழும்பேறிய அத்தோலைப் பாருங்கள்; அதுவும் குண்டால் வெந்த உடலே. படகிலிருந்த மீனவர் எதனைக் கேட்டுப் பெற்றார்களோ அதனினும் மிகுதியாக அவ்விலங்கும் கேட்டுப் பெறவில்லை.

டென்ஹாம் நழுவிய இடத்தில் செரிசாவா நிற்கிறார். ஒரு கண்ணிழந்த இவ்விளம் அறிவியலார், நீரிலுள்ள உயிர்வளியை அழித்து உயிர்களைக் கரைக்கும் பொருளொன்றைக் கண்டறிந்து மறைத்து வைத்திருக்கிறார். விலங்கைக் கொல்ல அதுவே வழி என்று நண்பர் வேண்டுகையில் மறுக்கிறார். ஒருமுறை வெளிப்பட்டால் ஆள்வோர் அதனைப் படைக்கலமாக்காது விடார் என்பது அவர் அச்சம். பின்னர்த் தொலைக்காட்சியில் சிறுமியர் பாடும் அமைதிப்பாடலைக் கேட்டு உளம் நெகிழ்ந்து இசைகிறார், குறிப்பேடுகளைத் தீயிலிடுகிறார். ஏடுகள் எரிந்தாலும் தம் நினைவில் அறிவு எஞ்சுமே என்று கருதி, கடலடியில் தம் உயிர்க்குழாயைத் தாமே அறுத்துக்கொள்கிறார். தன்னுயிரை மாய்த்தலை நாம் அறமெனப் போற்றவில்லை. உயிரோடிருந்து இறுதிவரை மறுத்துக்கொண்டிருத்தல் அதனினும் அரிது, சிறந்தது என்போம். ஆயினும் இப்படத்தில் வரும் அனைவருள்ளும், 'இது நான் ஆக்கியது, இதற்கு நானே பொறுப்பு' என்று நின்றவர் அவர் ஒருவரே.

இப்படம் 1956-இல் அமெரிக்காவில் திரையிடப்பட்டபோது, ரேமண்ட் பர் என்னும் நடிகரின் காட்சிகளைப் புதிதாகச் சேர்த்து, குண்டைப் பற்றிய பேச்சுகளைப் பெரிதும் குறைத்தனர். மூலப்படம் அந்நாட்டு அரங்குகளில் பரவலாகக் காட்டப்பெற்றது 2004-இல்தான். குண்டு வெடித்த நாட்டுக்குள் நுழையும்போது விலங்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது. பழி எல்லையிலேயே நின்றது! ஜப்பானிலும் அறுபதுகளின் இடைப்பகுதியிலிருந்து காட்ஸில்லா நாட்டின் காவலனாகவும் குழந்தைகளின் தோழனாகவும் மாறியது. அப்படங்கள் களிப்பூட்டுவன; அவ்வளவே.

கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே, கொடியோரைக் கொலையால் ஒறுத்தலை உழவன் களை பறிப்பதற்கு ஒப்பிட்டார் என்றும், களைக்காக அழும் உழவன் இல்லை என்றும் கூறி நம் இரக்கத்தை மறுப்போர் இருக்கலாம். கொடியோர் அறிந்து செய்தவர். அவர்பெறும் ஒறுப்பு அவர்தம் செயலின் விளைவு. காட்ஸில்லாவைக் கொல்லாதிருக்கவும் இயலாது; இன்னோர் இரவை டோக்கியோ தாங்காது. ஆயினும் அக்கொலையைத் தண்டனை எனப் பெயரிட்டு மனநிறைவு கொள்ள வழியில்லை. ஆகவே கொல்லும் கை அதனைச் சுமந்தேயாக வேண்டும். நம் இரக்கம் அச்சுமையின் ஒரு பங்கு என்றே நாம் கொள்கிறோம். முதியவரான யமானே என்னும் அறிஞர் வெற்றியில் மகிழாது, சோதனைகள் தொடரின் இன்னொன்று தோன்றக்கூடும் என்று தமக்குள் சொல்லிக்கொள்வதோடு ஹோண்டாவின் படம் முடிகிறது.

2011-இல் ஃபுகுஷிமா அணுவுலைப் பேரிடர் நேர்ந்தது. ஐந்தாண்டு கழித்து, 2016-இல், ஹிடெயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் இயக்கிய 'ஷின் காட்ஸில்லா' வந்தது. அரசு அலுவலர் எவரும் அதனைக் காணின் தம் அலுவலகத்தையே கண்டதாக எண்ணி நகைப்பர். விலங்கு ஊருக்குள் ஊர்ந்து வருகையில், அமைச்சரும் செயலரும் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கூட்டத்தை மாற்றுகின்றனர். எத்துறையின் பொறுப்பு என்று வினவுகின்றனர். நகைப்பு நெடுநேரம் நிற்பதில்லை. சுடுவதற்கு எல்லாம் ஆயத்தமான நொடியில், தப்பிச் செல்லும் முதியோர் இருவர் குறி எல்லைக்குள் இருப்பதாகச் செய்தி வருகிறது. தம் மக்கள்மேல் படை சுடுவதற்கு ஒப்பாது, தலைமை அமைச்சர் நிறுத்தச் சொல்கிறார். விலங்கு தப்பிப் பின்னர்ப் பன்மடங்கு வளர்ந்து திரும்புகிறது, நகரின் பெரும்பகுதி எரிகிறது, அவரும் மாள்கிறார். அவர் செய்தது சரியா என்று நம் இல்லத்துப் பிள்ளைகள் கேட்டால் விடை கூறுதல் எளிதன்று.

இறுதியில் அவ்விலங்கு கொல்லப்படுவதில்லை, உறையவைக்கப்படுகிறது. டோக்கியோ நிலையத்தருகே, கட்டடங்களுக்கு மேலாக, அசைவின்றி நிற்கிறது. அது மீண்டும் அசையுமாயின் நகரின்மேல் அணுகுண்டு வீசுவது என்ற பன்னாட்டு முடிவும் கைவிடப்படவில்லை, நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.