தாழ்ச்சிக்கான மன்றாட்டும் அதன் முரணும்

தாழ்ச்சியை வேண்டி இறைவனை மன்றாடுதல் கத்தோலிக்கரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். எனினும் இம்மன்றாட்டினுள் ஒரு முரண் பொதிந்துள்ளது. பிற நற்பண்புகளை உடையவன் தான் அவற்றை உடையவன் என அறிவதால் அவை அழிவதில்லை. தாழ்ச்சியோ, 'நான் தாழ்ச்சியுடையவன்' என்று எண்ணும் கணத்திலேயே நழுவிவிடுகின்றது. லூக்கா நற்செய்தியில், தான் ஏனையோரைப் போன்றவன் அல்லன் என்பதற்காக ஆலயத்தில் நன்றி செலுத்திய பரிசேயனை நாம் கண்டிக்கின்றோம். கண்டித்தவாறே, நாம் அப்பரிசேயனைப் போன்றவர் அல்லர் என்று உள்ளூர மகிழ்கின்றோம். உவமை நம்மையே பிடித்துவிடுகின்றது. அங்ஙனமாயின், கிடைத்ததை அறிந்ததும் அழியும் ஒன்றை வேண்டுவதில் பொருள் உண்டோ?

முதலில் தாழ்ச்சி எதுவன்று என்பதைத் தெளிதல் வேண்டும். தமிழில் இச்சொல் குறைவு, இழிவு என்னும் பொருள்களையும் தருதலால், தன்னை இகழ்வதே தாழ்ச்சி என்னும் மயக்கம் எளிதில் எழுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ், மட்டுமீறிய மேன்மையை நாடும் வேட்கையை அடக்கும் பண்பே தாழ்ச்சி எனக் கொண்டார். பெருஞ்செயல்களுக்கு உள்ளத்தை உந்தும் பெருந்தகைமையை அவர் அதற்குப் பகையாகக் கருதவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் அவிலா நகர்த் தெரேசா தாழ்ச்சியை உண்மையோடு பிணைத்து விளக்கினார். ஆகவே திறமையுள்ளவன் தனக்குத் திறமையில்லை எனக் கூறுதல் தாழ்ச்சியன்று, பொய்யாகும். அத்திறமை தன்னால் மட்டும் ஆனதன்று என உணர்தலே தாழ்ச்சி.

இத்தெளிவோடு 'தாழ்ச்சியின் மன்றாட்டுமாலை' எனப்படும் செபத்தை நோக்குவோம். 1903 முதல் 1914 வரை பாப்பரசர் பத்தாம் பத்திநாதரின் அரசுச் செயலராக விளங்கிய கர்தினால் மெரி டெல் வாலின் (1865-1930) பெயரோடு இது இணைத்துப் பேசப்படுகின்றது. இயேசுவின் இதயத்தைப் போன்ற இதயத்தை வேண்டித் தொடங்கும் இச்செபம், புகழப்பட வேண்டும் என்ற ஆசையிலிருந்தும், பின்னர் இகழப்படுவோம், மறக்கப்படுவோம் என்ற அச்சத்திலிருந்தும் விடுதலை கேட்கின்றது. ஈற்றில், பிறர் தன்னிலும் உயர்தலை விரும்பும் அருளை இரக்கின்றது. செருக்கு துணிவு போலத் தோன்றினும் அச்சம் அதன் உள்ளே உறைகின்றது என்பதை இவ்வொழுங்கு உணர்த்துகின்றது. அன்றியும், மன்றாடுவோனின் பார்வை இறுதியில் தன்னைவிட்டுப் பிறர்பால் திரும்புகின்றது. முரண் இவ்விடத்திலேதான் அவிழ்கின்றது. தாழ்ச்சி என்பது தன்னைத் தாழ்வாக நோக்குவதன்று. தன்னையே ஓயாது நோக்கும் பழக்கத்தினின்று விடுபடுவதாகும். அவ்விடுதலை தன் முயற்சியால் ஈட்டிய பொருளாயின் செருக்குக்கு இடமுண்டு. இரந்து பெற்றதாயின் இடமில்லை.

இங்கே ஒரு தடை எழும். தாழ்ச்சியைப் போதித்தல், ஏலவே தாழ்த்தப்பட்டோரை அடக்கும் கருவியாகாதோ? இவ்வையத்தை முற்றாக ஒதுக்கிவிட வரலாறு இடந்தராது. சாதியாலும் செல்வத்தாலும் உயர்ந்தோர் எனப்பட்டோர், ஆலயத்துள்ளும் தம் முன்வரிசையைப் பேணிக்கொண்டு பிறரிடம் பணிவை எதிர்பார்த்ததுண்டு. ஆயின் பணிவு வேறு, தாழ்ச்சி வேறு. பணிவைப் பிறரிடம் கேட்டுப் பெறலாம். தாழ்ச்சியைத் தனக்காக மட்டுமே கேட்கலாம். மேற்கூறிய மன்றாட்டு தன்மையொருமையில் அமைந்திருத்தல் கருதத்தக்கது. அதனைப் பிறன்மீது ஏவுபவன் அதனைச் செபிக்கவில்லை.

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்த 1687இல், கொங்கணப் பிராமணக் குலத்திற் பிறந்த யோசேவ் வாஸ் அடிகளார் ஏழையின் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். கோலத்தைத் தேவை கருதி எவரும் பூணலாம். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தம் கைகளாலேயே பராமரித்தாரே, அங்குதான் கோலம் வாழ்வாயிற்று. நோயாளியின் புண்ணைக் கழுவும் கைகளுக்குத் தம் தாழ்ச்சியை அளக்க நேரம் ஏது? 2015இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

கற்றோராகிய நமக்குப் பெரியம்மை வேண்டுவதில்லை. சோதனை மிக அருகிலேயே உள்ளது. உடன் கற்பவனின் கட்டுரை நம்முடையதிலும் சிறந்ததென ஒருவர் கூறுகின்றார். அது உண்மையென்றும் நாம் அறிவோம். அக்கணத்தில் நம் உள்ளத்தில் எழுவது யாது? மன்றாட வேண்டிய இடம் அதுவே.