உடைமையின் எல்லை

தன் பொருளைத் தானே பழுதுபார்க்க ஒருவனுக்கு உரிமையுண்டா என்று வினவினால், உண்டு என்பதே பலரது விடை. எனக்கும் அதில் பெரும்பாலும் உடன்பாடே. ஆயின், பழைய பிக்கப் வண்டியின் பவர் ஸ்டியரிங்கை வீட்டு முற்றத்தில் கழற்றுபவனுக்கும் அவ்விடை பொருந்துமா?

அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920களில் வகுத்த வழியில் அமைந்து, 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்தது இவ்வமைப்பு. இயந்திரம் சுழற்றும் பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்ப, அவ்வழுத்தம் ஓட்டுநரின் கைக்குத் துணைநிற்கிறது. எண்ணெய் குறைந்தாலோ பம்பின் வார் அறுந்தாலோ அத்துணைதான் போகும். சக்கரங்களோடுள்ள இரும்புப் பிணைப்பு நிற்கும். எண்ணெய் குறையும்போதே பம்பு முனகத் தொடங்கும், ஸ்டியரிங் கனக்கும். பிழை தன்னைத் தானே அறிவித்துவிடுகிறது. ஆதலின், பம்பையோ குழாயையோ கவனமாக மாற்றுபவனை நான் தடுக்கமாட்டேன். (ஒழுகும் குழாயைத் துணியால் சுற்றிவைப்பவன் கதை வேறு. சூடேறிய புகைபோக்கியில் எண்ணெய் சொட்டினால் தீப்பற்றவும் கூடும்.)

ஸ்டியரிங் பெட்டியையே இறக்க நேர்ந்தால், சக்கரத்தைத் திருப்பும் தண்டின் மூட்டையும் கழற்றவேண்டிவரும். அங்கே சரியாக முடுக்காத நட்டு எந்த முன்னறிவிப்பும் தராமல் கழன்றுபோகலாம். முற்றத்தில் நன்றாகத் திரும்பிய வண்டி, கேமரன் மலைச் சாலையின் வளைவொன்றில் திரும்பாது போகலாம். எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவர் இச்சோதனைக்கு இசைவு தந்தவரல்லர். கூலி மிச்சமாவது வண்டிக்காரனுக்கு, ஆபத்தில் பங்கு அவருக்கு! பட்டறைச் செலவு ஏழைக்குப் பெரும் பாரம் என்பதை நான் மறுக்கவில்லை. முன்பின் அறியாத ஒருவர் தலையில் அதனை இறக்கிவைக்க வறுமை உரிமை தருமா? அந்த மூட்டையேனும் தேர்ந்தவர் ஒருவர் வந்து பார்க்கும்வரை வண்டி முற்றத்திலேயே நிற்கட்டும்.