யாருடைய கண்ணீர்?

பல வருஷங்களுக்கு முன்னால், சினிமாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் என்னை ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். ஏதோ ஒரு படத்துக்கு ரீரிக்கார்டிங் நடந்துகொண்டிருந்தது. இப்போதுபோல எல்லாவற்றையும் கணினிக்குள் அடக்கிவிடாத காலம் அது. எதிரே திரையில் படம் ஓடும். வாத்தியக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, கையசைப்பவரைப் பார்த்து வாசிப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து அதைப் பதிவு செய்வார்.

முதலில் காட்சியை வெறுமனே ஓட்டிக் காட்டினார்கள். தாய் செத்துக் கிடக்கிறாள். வெளியூரிலிருந்து மகன் ஓடி வருகிறான், வாசற்படியில் நிற்கிறான், பிறகு அவள் காலடியில் விழுகிறான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. செத்துக் கிடந்த அம்மாளின் இமை லேசாகத் துடித்தது தெரிந்தது. மகன் இடம் பார்த்து விழுந்ததும் தெரிந்தது. அப்புறம் எட்டு வயலின்களும் ஒரு புல்லாங்குழலும் சேர்ந்துகொண்டன. மகன் வாசற்படியில் நிற்கும்போது வயலின்கள் ஓய்ந்து, குழல் மட்டும் தனியாக ஏங்கிற்று. அவன் விழுந்தபோது எட்டும் ஒன்றாக எழுந்தன. என் கண்களில் நீர் வந்துவிட்டது. இமை துடித்ததா என்று பார்க்கவே மறந்துபோனேன்.

இசையமைப்பாளருக்குத் திருப்தி இல்லை. "இன்னும் கொஞ்சம் பிழியணும்" என்றார். மறுபடி வாசித்தார்கள், மறுபடி அழுதேன். மூன்றாம் தடவைக்கு முன்னால் குழல்காரர் வெளியே போய் ஒரு வடை சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் அப்போதும் அழுதேன்.

வீடு திரும்பும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. என் சொந்தத் தாயார் இறந்தபோது நான் அழவில்லை. தந்தி வந்து, இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து, விடியற்காலையில் வீட்டுக்குள் நுழைந்தேன். பந்தலுக்கு மூங்கில் எத்தனை என்று யாரோ கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கால் விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியில் முடிச்சு நெகிழ்ந்திருந்ததைக் கவனித்தேன். அவ்வளவுதான். கண் வறண்டு கிடந்தது. "ஏண்டா, நீ என்ன கல்லா?" என்று பெரியக்கா கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

பெற்றவளுக்கு வராத கண்ணீர், முகப்பூச்சைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகப்போகிற ஒரு நடிகைக்கு மூன்று தடவை வந்தது. அப்படியானால் அந்தக் கண்ணீர் யாருடையது? என்னுடையதா, எட்டு வயலின்காரர்களுடையதா? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு காரணங்கள் சொல்கிறார். இழப்பு அதில் ஒன்று, வறுமை இன்னொன்று. புல்லாங்குழல் அந்தப் பட்டியலில் இல்லை.

சினிமா பொய், ஆகவே அந்தக் கண்ணீரும் பொய் என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். ஆனால் அன்று நடந்தது முழுவதையும் நான் இன்னும் சொல்லவில்லை. பத்து மணி சுமாருக்கு அடுத்த தெருவிலிருந்து ஒரு கிழவி வந்தாள். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு வருகிறவள். அம்மாவோடு அவளுக்கு அப்படியொன்றும் பழக்கம் கிடையாது. வந்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். கொட்டிலில் நிற்கும் பசுவுக்கு இனி யார் கழுநீர் வைப்பார்கள் என்று கேட்டாள். இரண்டாவது அடிக்கு நான் உடைந்துபோனேன். அவள் செய்ததும் தொழில்தான். எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே இழுத்து நிறுத்த வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்குள்ளே இறுகிக் கிடந்ததை அவள் அவிழ்த்துவிட்டாள். அவள் பாட்டு, எதிரே கிடந்தவளுக்காக.

ஆகவே கலையினால் வரவழைக்கப்பட்டது என்பதனாலேயே ஒரு உணர்ச்சி பொய்யாகிவிடாது. என் வெட்கத்துக்குக் காரணம் வேறு ஏதோ இருக்க வேண்டும். எட்டு வயலின்கள் யாரைச் சுட்டிக் காட்டியிருந்தாலும் நான் அவருக்காக அழுதிருப்பேனோ என்ற பயம்தான் அது என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பயத்தை எனக்கு நிச்சயமாக்கிய படம் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'. 1960இல் வந்தது. குளியலறைக் கொலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்தக் காட்சிக்குச் சங்கீதமே வேண்டாம் என்று ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார் என்றும், பெர்னார்ட் ஹெர்மன் நரம்பு வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதிக் கொடுத்ததைக் கேட்ட பிறகு மனத்தை மாற்றிக்கொண்டார் என்றும் சொல்வார்கள். அது இருக்கட்டும். என்னைத் தொந்தரவு செய்தது அதற்கு அடுத்த காட்சி. விடுதிக்காரப் பையன் நார்மன், கொலை நடந்த அறையைக் கழுவித் துடைக்கிறான். பிணத்தைச் சுருட்டிக் காரின் பின்பெட்டியில் போடுகிறான். காரைச் சேற்றுக் குட்டையில் தள்ளிவிட்டுக் கரையில் நிற்கிறான். கார் மெதுவாக மூழ்குகிறது. பாதிக்குமேல் போனதும் சட்டென்று நின்றுவிடுகிறது. காமிரா காரைக் காட்டுகிறது, பையன் முகத்தைக் காட்டுகிறது, மறுபடி காரைக் காட்டுகிறது. எனக்கு மூச்சு நின்றுபோயிற்று. 'ஐயோ, முழுக வேண்டுமே!' என்று மனம் பதறிற்று. கார் மறுபடி அசைந்து கீழே போனதும் பெருமூச்சு விட்டேன்.

எதற்காகப் பெருமூச்சு விட்டேன்? சற்று முன்வரை அந்தப் பெண்ணோடுதான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். அவள் திருடிய நாற்பதாயிரம் டாலரோடு அவள் போலீஸ்காரனிடம் அகப்பட்டுக்கொள்ளக் கூடாதே என்று தவித்தேன். அவள் செத்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் பிணம் யாருக்கும் தெரியாமல் மறைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். யாரும் என்னிடம் நியாயம் பேசவில்லை. அந்தப் பையன் நல்லவன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் நின்ற இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், அவ்வளவுதான். நிற்கிற இடம் மாறியதும் என் பரிவும் மாறிவிட்டது.

தெருக்கூத்தில் இப்படி நடக்காது என்று நினைக்கிறேன். துரோபதை அழுகிற சமயத்தில் நான் மிருதங்கக்காரரைப் பார்க்கலாம், சபையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பீஷ்மரைப் பார்க்கலாம், மேடைக்குப் பக்கத்தில் துச்சாதனன் சோடா குடிப்பதைக்கூடப் பார்க்கலாம். கண் என்னுடையது. சினிமாவில் கண் வாடகைக்குப் போய்விடுகிறது. 1920ஐ ஒட்டிய வருஷங்களில் ருஷ்யாவில் குலெஷோவ் என்பவர் ஒரு சோதனை செய்ததாக அவருடைய சகா புதோவ்கின் எழுதியிருக்கிறார். ஒரு நடிகரின் சலனமில்லாத முகம்; அதை அடுத்து ஒரு தடவை சூப்புக் கிண்ணம், ஒரு தடவை சவப்பெட்டி, ஒரு தடவை விளையாடும் குழந்தை. முகம் மூன்று தடவையும் ஒன்றேதான். பார்த்தவர்களோ அவருடைய பசியையும் துக்கத்தையும் கனிவையும் கண்டு, நடிப்பு பிரமாதம் என்றார்களாம். வெளிச்ச விஷயமும் இதுதான். கீழேயிருந்து விளக்கைப் போட்டால் சாதுவும் கொலைகாரனாகத் தெரிவான். தலைக்குப் பின்னாலிருந்து போட்டால் எந்தக் கதாநாயகிக்கும் ஒரு தெய்வீகம் வந்துவிடுகிறது. வசனம் தொடங்குவதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும் வரையில் சரி. 1915இல் அமெரிக்காவில் கிரிஃபித் எடுத்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' வேடிக்கையல்ல. கறுப்பு மக்களை மிருகங்களைப்போலக் காட்டி, அவர்களை அடித்துக் கொன்ற கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தை ரட்சகர்களாக்கிய படம். கடைசிக் கட்டத்தில் ஒரு குடிசைக்குள் வெள்ளைக்காரக் குடும்பம் அகப்பட்டுத் தவிக்கிறது. வெள்ளை முகமூடி போட்ட குதிரைக்காரர்கள் பாய்ந்து வருகிறார்கள். குடிசை, குதிரை, குடிசை, குதிரை என்று மாற்றி மாற்றிக் காட்டி மூச்சு முட்டவைக்கிறார் கிரிஃபித். ஊமைப்படம்தான், ஆனால் பெரிய அரங்குகளில் வாத்தியக் குழு வாக்னரின் சங்கீதத்தை முழக்கியது. ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். கறுப்பு மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட சங்கத்தார் படத்தைத் தடுக்க ஊர் ஊராகப் போராடினார்கள், பலன் அதிகமில்லை. அடங்கிப்போயிருந்த அந்தக் கூட்டம் அதே 1915இல் ஜார்ஜியா மாகாணத்தில் மறுபடி தொடங்கப்பட்டது. ஆள் சேர்ப்பதற்கு இந்தப் படத்தையே பல வருஷங்கள் போட்டுக் காட்டினார்கள். அந்த அரங்குகளில் கைதட்டியவர்களுக்குத் துடித்த நெஞ்சு நிஜமான நெஞ்சுதான். நல்லவர்களைக் காப்பாற்ற யாரோ வருகிறார்கள் என்ற பூரிப்பும் நிஜம்தான். இதை நினைத்தால், 'நெஞ்சு துடித்தது, ஆகவே நியாயம் அந்தப் பக்கம்' என்று எண்ணிக்கொள்ளும் என் வழக்கம் எனக்கே பயமாக இருக்கிறது.

அந்தப் படத்துக்கு மூலம் ஒரு நாவல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர்கள் கைசுத்தம் பேச முடியாது. நானும் எத்தனையோ அத்தியாயங்களில் மழையைச் சரியான சமயத்தில் பெய்ய வைத்திருக்கிறேன். ஆனால் என் வாசகருக்கு ஒரு சௌகரியம் உண்டு. புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, 'இவன் சொல்வது சரிதானா?' என்று மோட்டைப் பார்த்து யோசிக்கலாம். இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது.

அவகாசத்தைத் தாமே கொடுத்த படக்காரர்களும் இருக்கிறார்கள். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1955இல் வெளிவந்தது. மழைக் காய்ச்சலில் துர்கா இறந்துபோகிறாள். வெளியூர் போயிருந்த தகப்பனுக்குச் செய்தி தெரியாது. திரும்பி வந்து, வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறான். துர்காவுக்கென்று வாங்கிய புடவையை நீட்டுகிறான். தாய் அதை வாங்கிப் பல்லால் கடித்துக்கொண்டு கதறுகிறாள். அந்தக் கதறல் நமக்குக் கேட்பதில்லை. கருணா பானர்ஜியின் குரலை ராய் எடுத்துவிட்டார்; அந்த இடத்தில், ரவிசங்கரின் இசையமைப்பில், தார் ஷெனாய் என்ற வில் வாத்தியம் உச்ச ஸ்தாயியில் வீறிடுகிறது. அழவைக்கும் தந்திரம்தானே அதுவும் என்று நண்பர் ஒருவர் என்னோடு வாதாடினார். தந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தந்திரம் எனக்கு மரியாதையாகப் படுகிறது. சாவு வீட்டில் பெற்றவள் வாய்விட்டு அலறும்போது பக்கத்தில் நிற்கும் விவேகி முகத்தைத் திருப்பிக்கொள்வார் அல்லவா? அப்படி ஒரு திருப்பல் அது. அவள் துக்கத்தை நமக்காகப் பிழிந்து கொடுக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் வந்த 'அபராஜிதோ'வில் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ர, காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் அமைத்தபோது, மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன்மேல் பாய்ச்சி, துணியிலிருந்து திரும்பி இறங்கும் வெளிச்சத்திலேயே படம் பிடித்தார். எவர் தலைக்கும் ஒளிவட்டம் கிடையாது. முற்றத்தில் வானத்து வெளிச்சம் எல்லோர்மேலும் எப்படி விழுமோ அப்படியே விழுகிறது.

இன்னொருவர் இத்தாலியர், பொண்டெகோர்வோ. 1960இல் அவர் எடுத்த 'காப்போ'வில், நாஜி முகாமில் ஒரு பெண் மின்சார வேலியில் பாய்ந்து சாகிறாள். வேலியில் தொங்கும் அவள் உடலை நோக்கிக் காமிரா நகர்ந்துபோய், தூக்கிய கை அழகாக ஒரு மூலையில் அமையும்படி நிற்கிறது. ஜாக் ரிவெத் என்ற பிரெஞ்சு விமர்சகர் 1961இல், இந்த நகர்வைத் தீர்மானித்த மனிதன் இகழ்ச்சிக்கே உரியவன் என்று எழுதினார். இரண்டடி நகர்ந்ததற்கு இத்தனை கோபமா என்று முதலில் எனக்குத் தோன்றிற்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் கேட்ட 'இன்னும் கொஞ்சம் பிழியணும்' நினைவுக்கு வந்த பிறகு, அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது.

ஆனால் அதே பொண்டெகோர்வோ 1966இல் 'அல்ஜியர்ஸ் யுத்தம்' எடுத்தார். அல்ஜீரியர்களின் விடுதலைப் போராட்டம். அவர் அனுதாபம் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. ஒரு அல்ஜீரியப் பெண் பிரெஞ்சுக்காரர்கள் நிறைந்த விடுதிக்குள் குண்டு வைக்கப் போகிறாள். வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்க்கிறாள். காமிரா அவள் கண்களோடு சேர்ந்து, சாகப்போகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. ஒரு குழந்தை ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருக்கிறது. குண்டு வெடித்த பிறகு, முன்னால் அல்ஜீரியர் குடியிருப்பில் குண்டு வெடித்துச் செத்தவர்களுக்கு எந்தச் சங்கீதம் ஒலித்ததோ அதே சங்கீதம் இந்தப் பிணங்களுக்கும் ஒலிக்கிறது. அந்தக் கிழவியை நினைத்துக்கொண்டேன். எந்த வீட்டுச் சாவுக்கும் அவள் வருவாள்.

இப்போதெல்லாம் தியேட்டரில் அழுகைக் கட்டம் வந்தால் சற்று நேரம் காதைப் பொத்திக்கொண்டு பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வயலின் போனால் அனேகமாகக் கண்ணீரும் போய்விடும். போன மாதம் இப்படி உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர், "காது வலிங்களா ஸார்?" என்று கேட்டார். "இல்லை, சும்மாதான்" என்றேன். திரையில் வயசான ஒரு அம்மாள் அழுதுகொண்டிருந்தாள். பெயர் தெரியாத துணை நடிகை. சத்தமே இல்லாமல், அவள் நன்றாகத்தான் அழுதாள்.