கேட்டுத் தெளிந்த கர்தினால்



புரட்டாசி பிறந்துவிட்டது. புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கவலையோடு வந்திருக்கும் உங்களிடம் உரோமையில் வாழ்ந்த ஒரு கர்தினாலைப் பற்றிப் பேசுகிறேன். இன்று, செப்டம்பர் 17, அவருடைய திருநாள்.

புனித இராபர்ட் பெல்லார்மின் 1542-இல் இத்தாலியில் பிறந்தவர், இயேசு சபைக் குரு. லூத்தருக்குப் பிறகு திருச்சபை பிளவுபட்டுக் கிடந்த காலத்தில் கத்தோலிக்க விசுவாசத்துக்காக வாதாடியவர்களில் முதல் வரிசைக்காரர். 1599-இல் கர்தினால் ஆனார். தம் வீட்டுச் சுவர்களில் தொங்கிய திரைத்துணிகளைக் கழற்றி ஏழைகளுக்கு உடுப்புத் தைக்கக் கொடுத்தார். சுவருக்குச் சளி பிடிக்காது என்றாராம்.

நான் சொல்ல வந்தது வேறு. நம் தத்துவ போதகர், இராபர்ட் தெ நொபிலி, அவருக்கு உறவுக்காரர். 1606-இல் மதுரைக்கு வந்த நொபிலி காவி உடுத்தி, சந்தனம் பூசி, மரக்கறி உண்டு, தமிழில் ஞானம் போதித்தார். மதுரையிலேயே உடனிருந்த சபைக் குரு ஒருவர் அவர்மேல் புகார் எழுப்பினார். அது உரோமை போய்ச் சேர்ந்தபோது, நொபிலி வேறு மதத்துக்கே போய்விட்டார் என்று ஆகிவிட்டது. கர்தினாலுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மனம் நொந்து கண்டித்துக் கடிதம் எழுதினார்.

நொபிலி மதுரையிலிருந்து விளக்கி எழுதினார். கப்பலேறி மாதக்கணக்கில் போகும் பதில் அது. பெல்லார்மின் அதைப் படித்தார், மனம் மாறினார், நொபிலியின் பக்கம் நின்றார். எப்பேர்ப்பட்ட படிப்பாளி, அதுவும் எழுபது வயதைக் கடந்து! 1621-இல் அவர் இறந்தார். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நொபிலியின் முறைக்கு அனுமதி கொடுத்தார்.

கோவில், பூசை, அருள் என்று நாம் வாய் நிறையச் சொல்வதில் நொபிலிக்குப் பங்குண்டு. ஆகஸ்ட் 15-க்கு நாம் போகிற காமநாயக்கன்பட்டி பரலோக மாதா கோவிலும் நொபிலி பணியாற்றிய மதுரை மிஷனில் விளைந்ததுதான். ஒன்றை மறைக்கக் கூடாது: நொபிலியின் அந்த வழியில் சாதியும் கோவிலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கல்லறைத் தோட்டத்தில்கூட அது நம்மை விடவில்லை. அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெல்லார்மின் முதலில் செய்ததுபோல் யாரோ சொன்னதைக் கேட்டு, வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி முகம் பார்க்காத வீடுகள் நம் ஊரில் உண்டு. பூசை முடிந்து போகும்போது அந்த வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். "நடந்தத நீ சொல்லுப்பா, கேக்குறேன்" என்று கேளுங்கள்.