கதவு கேட்கும் காசு

அறிவியல் புனைகதை படிக்கிற ஆள் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்யாணப் பந்தியில்கூட விடமாட்டார்கள். "நீங்க படிச்சதெல்லாம்தான் நிஜமாயிடுச்சே சார், இனிமே என்னத்தப் படிக்கப் போறீங்க?" என்பார் பக்கத்து இலைக்காரர். முகம் பார்த்துப் பேசுகிற போன், சொன்னால் எரிகிற விளக்கு, தானே வீடு பெருக்குகிற இயந்திரம் என்று விரல்விட்டு எண்ணுவார். ரசம் வரும் நேரத்தில் வாதம் எதற்கு என்று தலையாட்டிவைப்பேன். ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் எண்ணுவது கருவிகளை. அந்தக் கதைகளில் நல்லவை, கருவியைக் காட்டிவிட்டு உடனே ஒரு கேள்வியையும் கேட்டன: இது யார் பேச்சைக் கேட்கும்?

அமெரிக்க எழுத்தாளர் பிலிப் கே. டிக்கின், 1969-ல் வெளியான 'யூபிக்' நாவலில் ஒரு கதவு வருகிறது. கதை நடக்கும் ஆண்டு 1992. ஜோ சிப் என்பவன் தன் வீட்டுக் கதவைத் திறக்கப் பார்க்கிறான். கதவு ஐந்து சென்ட் கேட்கிறது. கையில் சல்லிக்காசு இல்லை. நாளைக்குத் தருகிறேன் என்கிறான், கதவு மசியவில்லை. இதுவரை கொடுத்ததெல்லாம் நானாகப் பார்த்துத் தந்த இனாம்தானே என்று வாதாடுகிறான். வீடு வாங்கியபோது போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பார் என்கிறது கதவு. எடுத்துப் பார்க்கிறான், கதவு சொன்னதுதான் சரி. வேறு வழியில்லாமல் கத்தி ஒன்றை எடுத்துப் பூட்டின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பிக்கிறான். உன்மேல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறது கதவு.

டிக் இதைச் சிரிக்கத்தான் எழுதினார். ஆனால் நிஜமும் அந்தப் பக்கம்தான் நகர்ந்தது. 2009-ல் அமேசான், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் மின்புத்தகக் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லாத பதிப்பு என்பது காரணம். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால், விற்ற புத்தகத்தை வாசகரின் கையிலிருந்தே எடுத்துக்கொள்ள முடியும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 2022-ல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில், காரிலேயே பொருத்தப்பட்டிருந்த இருக்கைச் சூடேற்றியை இயக்க மாதச் சந்தா கேட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மறு ஆண்டே அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஜோ சிப்பாவது ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தான். நாம் 'சம்மதம்' என்ற பொத்தானைத் தேடி விரலை ஓட்டுகிறோம், அவ்வளவுதான்.

என் வீட்டு வாசல் விளக்குக்கு ஒரு ஸ்மார்ட் பிளக் மாட்டியிருந்தேன். பொழுது சாய்ந்தால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும். அதைத் தயாரித்த நிறுவனம் ஒருநாள் தன் சர்வரை மூடிவிட்டது. வீட்டில் மின்சாரம் இருக்கிறது, பல்பு நன்றாக இருக்கிறது, பிளக்குக்குள் சுவிட்சாக வேலை செய்யும் ரிலேவுக்கும் ஒரு குறையும் இல்லை. ஆப்பில் மட்டும் 'ஆஃப்லைன்' என்று வருகிறது. கூடத்திலிருந்து வாசலுக்குப் போக வேண்டிய ஒரு கட்டளை, இத்தனை காலமும் எங்கோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டரின் வாசலை மிதித்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறது.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, மூடியை நெம்பித் திறந்தேன். உள்ளே இஎஸ்பி8266 என்ற சிப். வைஃபை வசதியை, எலெக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களின் கைக்கெட்டும் விலைக்குக் கொண்டுவந்த பொடியன் அது. 3.3 வோல்ட், கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று நாலு புள்ளிகளில் மெல்லிய வயர்களைச் சால்டர் செய்ய வேண்டும். ஜிபிஐஓ-0 என்கிற ஐந்தாவது புள்ளியை கிரவுண்டோடு சேர்த்துப் பிடித்தபடியே, கம்ப்யூட்டரிலிருந்து அந்த 3.3 வோல்ட்டைக் கொடுக்க வேண்டும். அப்போது சிப் தன் பழைய புரோகிராமை ஓட்டாது. புதிதாக என்ன வரப்போகிறது என்று காத்திருக்கும். டாஸ்மோட்டா என்ற இலவச மென்பொருளை ஏற்றினேன். வயர்களைப் பிரித்து, மூடியைப் போட்டு, திரும்பச் சுவரில் செருகினேன். 'டக்' என்று ரிலே விழுந்தது, விளக்கு எரிந்தது. இப்போது அது வீட்டு வைஃபையைத் தாண்டி எங்கும் போவதில்லை. இன்னொரு பிளக் வாங்கும் செலவு மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் எனக்கு வந்த சந்தோஷம், விளக்கு இப்போது என் பேச்சைக் கேட்கிறது என்பதால் வந்தது.

இயந்திரம் நம் பக்கம் நிற்க வேண்டும் என்ற ஆசையை என் தலைமுறைக்கு ஊட்டியவர் எழுத்தாளர் சுஜாதா. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர். 'என் இனிய இயந்திரா' தொடர்கதையில் அவர் படைத்த ஜீனோ, புத்தகம் படிக்கிற, வாயாடுகிற இயந்திர நாய். சர்வாதிகாரத்தை எதிர்த்து நிலா என்ற பெண்ணுக்குத் துணை நிற்கிறது. எனக்கும் ஒரு ஜீனோ வேண்டும் என்று ஏங்காதவர் அந்தத் தொடரைச் சரியாகப் படிக்கவில்லை என்பேன்.

நிஜத்தில் நாய் வந்தது. 1999-ல் சோனி நிறுவனம் ஐபோ என்ற இயந்திர நாயை விற்பனைக்கு விட்டது. ஜப்பானுக்கென ஒதுக்கிய 3,000 நாய்களும் இருபதே நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன. 2006-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். 2014-ல் பழுதுபார்க்கும் சேவையையும் மூடினார்கள். கால் மூட்டு தேய்ந்த நாயைத் தூக்கிக்கொண்டு போக இடமில்லை. அப்போது கைகொடுத்தவர்கள் சோனியின் முன்னாள் பொறியாளர்கள் சிலர். உதிரிப் பாகத்துக்கு ஒரே வழி, ஓடாத நாயிலிருந்து எடுத்து ஓடுகிற நாய்க்குப் போடுவது. பாகங்களைப் பிரிப்பதற்கு முன்னால், சிபா மாகாணத்தின் இசுமியில் உள்ள கோஃபுகுஜி என்ற பௌத்தக் கோயிலில் அந்த நாய்களை வரிசையாக அடுக்கி, சாம்பிராணி போட்டு, மந்திரம் ஓதி இறுதிச் சடங்கே செய்தார்கள். உலகமே இந்தச் செய்தியைச் சிரித்துக்கொண்டே படித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனி கைகழுவிய ஒரு பொருளை இன்னும் தன்னுடையது என்று நினைப்பவர்கள் அதற்குச் செய்யும் மரியாதை அது. 2018-ல் புதிய ஐபோ வந்தது. நாயின் விலையோடு மூன்றாண்டுச் சந்தாவும் சேர்ந்தே வந்தது.

ஜப்பானுக்குப் போவானேன், தலைக்கு மேலே பார்த்தால் போதும். பழைய மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் நம் ஊர் எலெக்ட்ரீஷியன் அண்ணாந்து பார்த்தே சொல்வார்: "கண்டென்சர் வீக்காயிடுச்சு." இரண்டரை மைக்ரோஃபேரட் கண்டென்சரைப் பெட்டிக்கடை போன்ற எலெக்ட்ரிக்கல் கடையிலும் வாங்கலாம். ஸ்டூல் போட்டு ஏறி மாற்றிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். இப்போது வருகிற பிஎல்டிசி மின்விசிறி அப்படியில்லை. பழையது எழுபத்தைந்து வாட் இழுக்கிற இடத்தில் இது முப்பது வாட்டில் சுற்றுகிறது, நல்ல பொறியியல். ஆனால் நின்றுவிட்டால், அதே எலெக்ட்ரீஷியன் கையை விரிக்கிறார்: "போர்டு போயிடுச்சு சார். ஸ்பேர் வருமான்னு கம்பெனியைத்தான் கேக்கணும்."

என் வீட்டில் இப்படி ஒன்று நின்றபோது, போர்டைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா விசிறி மட்டையால் விசிறிக்கொண்டே சொன்னார்: "நீ ஆராய்ச்சி பண்றது இருக்கட்டும்டா. எனக்கு ஃபேன் ஓடணும்." அதில் நியாயம் இருக்கிறது. எல்லோருக்கும் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது, எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களின் திமிர். மூடி ஒட்டிய போன் தண்ணீரில் விழுந்தாலும் பிழைக்கிறது, அதுவும் பயன்தான். லித்தியம் பேட்டரியைத் தெரியாத கை குத்தினால் தீப்பிடிக்கும். திறக்கக் கூடாத பொருள்களும் உண்டு.

ஆனால் நான் கேட்பது அதையல்ல. மோட்டாருக்குக் காயில் கட்ட எனக்கும் தெரியாது. தெரிந்தவர் தெருமுனையில் இருக்கிறார், அவர் சரியாகச் செய்யாவிட்டால் அடுத்த தெருவில் இன்னொருவர் இருக்கிறார். இந்தத் தேர்வு என் கையில் இருக்கும்வரை அந்த மோட்டார் என்னுடையது. யாரிடம் கொடுத்துப் பழுதுபார்ப்பது என்பதையும், எப்போது அதற்கு ஓய்வு கொடுப்பது என்பதையும் விற்றவரே தீர்மானித்தால், நான் வைத்திருப்பது வாடகைப் பொருள். ரசீதில் என் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். இதில் இழப்பு எனக்கு மட்டுமில்லை. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிட்சி தெருவில், செத்த போர்டில் லென்ஸை வைத்துப் பார்த்து, சூடு பட்டு நிறம் மாறிய ஒரு ரெசிஸ்டரைக் கண்டுபிடித்து மாற்றுகிற கைகள் இன்னும் இருக்கின்றன. பள்ளிக்கூடம் தராத அறிவு அது. ஸ்பேரும் சர்க்யூட் படமும் கிடைக்காவிட்டால், அந்த அறிவைக் கற்றுக்கொள்ள அடுத்த ஆள் வரமாட்டார்.

அதனால் வீட்டுக்கு வருகிற பொருள்களுக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். இன்டர்நெட் போனாலும் தன் அடிப்படை வேலையைச் செய்ய வேண்டும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திறக்க முடிய வேண்டும், அல்லது திறக்கத் தெரிந்தவர் நம் ஊரில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், அது எவ்வளவு புதுமையானதாக இருந்தாலும் கடையிலேயே பார்த்து ரசித்துவிட்டு வந்துவிடுவேன். எதிர்காலத்தை விரும்புகிறவன் பேசுகிற பேச்சா இது என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். எதிர்காலத்தில் எனக்கும் ஒரு சாவி வேண்டும் என்கிறேன். எதிர்காலமே வேண்டாம் என்று சொல்வதாகாது அது.

இந்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஓர் இணையதளம் தொடங்கியது. நிறுவனங்கள் தங்கள் பொருள்களின் உதிரிப் பாகம், சேவை மையம் பற்றிய விவரங்களை அங்கே தர வேண்டும் என்பது ஏற்பாடு. புகார் சொல்ல, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. இவை இருப்பது நல்லது. ஆனாலும் சட்டம் வந்து சேர்வதற்கு முன்னால் கடைக்காரர் நம் எதிரில் நிற்கிறார். அடுத்த முறை டிவியோ, மின்விசிறியோ, வாஷிங் மெஷினோ வாங்கப் போகும்போது, தள்ளுபடி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: "நெட் இல்லாம ஓடுமா? அஞ்சு வருஷம் கழிச்சு ஸ்பேர் கிடைக்குமா?" முதலில் கேட்பவருக்கு அவரிடம் பதில் இருக்காது. பத்துப் பேர் கேட்டால், அவர் கம்பெனியைக் கேட்பார்.